கழன்று தொங்கிய ஒயர்

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சிடி டிரைவையும் சவுண்ட் கார்டையும் இணைத்தபடி ஓர் ஒல்லி ஒயர் இருந்தது. பாட்டு தன் வழியாகத்தான் போகிறது என்று அதற்கு ஒரே பெருமை. ஆனால் பக்கத்துப் பட்டை கேபிளைப் பார்த்தாலே வயிறு எரியும். ஃபைல், படம் என்று மற்றவையெல்லாம் அந்த அகல முதுகில்தான் போய்வந்தன.

ஒருநாள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, "நான் இல்லேன்னா என்ன ஆகுதுன்னு எல்லாரும் பாக்கட்டும்" என்று ஒல்லி ஒயர் படக்கென்று கழன்று தொங்கியது.

பாட்டு நிற்கவில்லை.

"டேய், பாட்டு எப்படிடா போகுது?" என்று பட்டை கேபிளிடம் கேட்டது.

"செட்டிங்கை மாத்தினதுலேருந்து அதுவும் என் வழியாத்தானே போகுது. உங்களுக்கு யாரும் சொல்லலையாண்ணே?" என்றது பட்டை கேபிள். "அது சரி, நீங்க ஏன் தொங்குறீங்க?"

"சும்மாதான். கொஞ்சம் காத்து வாங்கலாம்னு" என்று ஃபேன் பக்கம் திரும்பிக்கொண்டது ஒயர்.