சூடு ஆறாத கட்டில்

குரோவேஷியாவிலிருந்து மினசோட்டா இரும்புச் சுரங்கத்துக்கு வந்தவர்களுக்குப் பெர்காவின் விடுதியில் ஆளுக்கு அரைக் கட்டில்தான். பகல் ஷிப்டுக்காரன் வந்து படுப்பதற்குச் சற்றுமுன்தான் இரவு ஷிப்டுக்காரன் எழுந்து போயிருப்பான். கிர்கோவும் ஷீமேயும் அப்படித்தான் ஒரே கட்டிலில் காலம் தள்ளினார்கள். ஒன்றாகவே அமெரிக்கப் படையில் சேர்ந்து, ஒன்றாகவே எதிரியின் இயந்திரத் துப்பாக்கி மேல் பாய்ந்தார்கள். ஓரடி முந்திப் பாய்ந்த ஷீமே செத்தான். வீரப் பதக்கம் கிர்கோவுக்கு வந்தது. போர் முடிந்து அவன் மட்டும் அதே சுரங்கத்துக்கும் அதே கட்டிலுக்கும் திரும்பினான்.

"புதுசா ஒருத்தன் வந்திருக்கான். ஷீமே பாதியக் குடுத்துடவா?" என்றாள் பெர்கா.

"அதுல ஆள் இருக்குக்கா. தொட்டுப் பாருங்க."

காலையிலிருந்து பூட்டிக் கிடந்த அறை அது. கட்டிலைத் தொட்டவள் அதன் சூடு பட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

கிர்கோவுக்குப் பயமில்லை, கோபம்தான். தினமும் காலையில் பதக்கத்தைத் தலையணையில் குத்தி, "இது உன்னோடதுடா" என்று சொல்லிவிட்டுப் போவான். மாலையில் அது சுவரில் தொங்கும் கிர்கோவின் கோட்டில் குத்தியிருக்கும்.

ஒருநாள் அதைச் சுரங்கத்தின் அடித்தண்ணீரில் எறிந்தான். மறுநாள் மாலை வந்தபோது கட்டில் வெதுவெதுவென்று நனைந்திருந்தது. கோட்டில் பதக்கம் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீயா நானான்னு பாத்துடலாம்டா!"

விடிந்ததும் அதைத் துடைத்துத் தலையணையில் குத்தினான். பக்கத்தில் உலர்ந்த சட்டை ஒன்றையும் மடித்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.