வெறும் வயிற்றில்

கார் நகர்கிறதா, ரயில் நகர்கிறதா?

அவருக்குத் தெரியவில்லை.

ரயில்வே கேட் மூடியிருக்கிறது. சாலை தண்டவாளத்தை நோக்கிச் சரிகிறது. சரிவில் அவருடைய கார். முன்னால் ஒரு ஸ்கூட்டர். ஸ்கூட்டருக்கு முன்னால் கேட். அதற்கப்பால் கூட்ஸ் வண்டி, பெட்டி பெட்டியாக, முடிவில்லாமல்.

ஸ்கூட்டரின் பின்னிருக்கையில், அம்மாவின் முதுகோடு முதுகு சாய்த்து, ஒரு சிறுமி அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். பள்ளிச் சீருடை. கையில் வர்க்கி. தொங்கும் கால்களை ஆட்டி ஆட்டித் தின்கிறாள்.

அந்தக் கால்களுக்கும் காரின் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருக்கலாம்.

அவருடைய வலது கால் பிரேக்கில் இருக்கிறது.

இருக்க வேண்டும்.

கண் முன்னால் பெரிதாக ஒன்று குறுக்கே ஓடும்போது பார்வை குழம்பிவிடும். நிற்பதும் ஓடுவதுபோல் தோன்றும். எல்லோருக்கும் தோன்றுவதுதான். அந்த நேரத்தில் கால்தான் சாட்சி சொல்லும்: அழுத்திக்கொண்டுதான் இருக்கிறேன், நாம் நிற்கிறோம். அந்தச் சாட்சியை நம்பியே அவர் இத்தனை வருடம் வண்டி ஓட்டினார். கேட்டில் நிற்கும்போது ஹேண்ட்பிரேக் போடும் பழக்கமே அவருக்கு இல்லை.

இப்போது கால் எதுவும் சொல்லவில்லை.

சில மாதங்களாகவே இப்படித்தான். முதலில் விரல் நுனிகள் மரத்தன. பிறகு பாதம், பஞ்சின்மேல் நடப்பதுபோல ஆனது. போன வாரம் கடைக்குப் போனவர் ஒற்றைச் செருப்போடு திரும்பிவந்தார். மற்றது எந்தத் தெருவில் கழன்றது என்றே தெரியவில்லை. மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடுத்த தடவ கால விட்டுட்டு வந்துராதீங்க."

அவரும் கூடச் சிரித்துவைத்தார். விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் மகன் நவநீதன் காதுக்குப் போகும். அவன் கார் சாவியை வாங்கிக்கொள்வான்.

குனிந்து பார்க்கிறார். கீழே இருட்டு. பிரேக்கின்மேல் செருப்பின் முனை தெரிகிறது.

சரி. கால் அங்கேதான் இருக்கிறது.

"இந்தாங்க."

பக்கத்து இருக்கையில் மனைவி அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுக்கிறாள்.

"காலைல போட மறந்துட்டீங்க. டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்கற வரைக்கும் எதுவும் சாப்பிடக் கூடாது, இதப் போட்டுக்கலாம்னாங்க."

வயிற்று மாத்திரை.

எப்போதோ முட்டிவலிக்கு ஒரு டாக்டர் வலி மாத்திரை கொடுத்தார். அது வயிற்றைப் புண்ணாக்கக்கூடும் என்று காவலுக்கு இதையும் சேர்த்தார். வலி போயிற்று. வலி மாத்திரையும் போயிற்று. காவலுக்கு வந்ததைப் போகச்சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த டாக்டர் பழைய சீட்டைப் பார்த்து, "இது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். அதற்கடுத்தவரும் அதையே சொன்னார். பத்து வருடமாக இருக்கிறது.

நன்றாக வேலை செய்யும் மாத்திரைதான். வயிற்றில் அமிலம் சுரக்கும் இடங்களை அடைத்துவிடுகிறது. ஆனால் அமிலத்துக்கு எரிப்பது மட்டுமே வேலை இல்லை. பாலிலும் முட்டையிலும் மீனிலும் பி12 என்றொரு சத்து இறுகக் கட்டுண்டு கிடக்கிறது. அந்தக் கட்டை அவிழ்ப்பது அமிலம். அவிழாத சத்து உடம்பில் சேராமல் அப்படியே வெளியே போய்விடும்.

உடனே ஒன்றும் ஆகிவிடாது. கல்லீரல் சேர்த்துவைத்திருப்பதைக் கொண்டு சில வருடங்கள் ஓடும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. சேமிப்பு தீர்ந்த பிறகு, நரம்புகளின் மேலுறை நையத் தொடங்கும். மின்கம்பியின் மேலுறை நைவதுபோல. எந்தக் கம்பி மிக நீளமோ அதுதான் முதலில் பழுதாகும்.

முதுகிலிருந்து கால் கட்டைவிரல்வரை போகிற கம்பி.

காரில் இருக்கும் இருவருக்கும் இது தெரியாது. இன்று எடுக்கப்போகிற ரத்தத்தில் சர்க்கரையைப் பார்ப்பார்கள். கொழுப்பைப் பார்ப்பார்கள். பி12 பார்க்கச்சொல்லி யாரும் எழுதவில்லை.

கூட்ஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது.

மனைவி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகுகிறாள்.

சிறுமி மெல்லுவதை நிறுத்துகிறாள்.

ஆடிக்கொண்டிருந்த கால்கள் நிற்கின்றன.

பிறகு, அவரையே பார்த்தபடி, மெதுவாக இரண்டு கால்களையும் மேலே இழுத்துக்கொள்கிறாள்.

அவர் ஹேண்ட்பிரேக்கைப் பற்றி இழுக்கிறார்.

கார் குலுங்கி நிற்கிறது. தண்ணீர் மனைவியின் மடியில் கொட்டுகிறது. பம்பருக்கும் ஸ்கூட்டருக்கும் இடையில் விரல் நுழைய இடமில்லை. ஸ்கூட்டரில் முன்னால் இருக்கும் அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் மறுபடி குனிகிறார்.

பிரேக்கில் முனையைச் சாய்த்துக்கொண்டு செருப்பு நிற்கிறது. செருப்பில் கால் இல்லை. கால் பக்கத்தில், யாருடையதோபோலக் கிடக்கிறது.

"கால் மரத்துக் கெடக்கு," என்கிறார். "ரொம்ப நாளாவே. நவநீதன்கிட்ட சொல்லிராத."

மனைவி அவர் முகத்தைப் பார்க்கிறாள். காலைப் பார்க்கிறாள். முந்தானையால் மடியைத் துடைத்துக்கொள்கிறாள்.

"வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். மொதல்ல இதப் போடுங்க. வெறும் வயித்துல போட்டாத்தான் கேக்கும்."

கையை நீட்டுகிறார். உள்ளங்கையில் மாத்திரை விழுவது தெரிகிறது. கைக்கு இன்னும் தெரிகிறது.

விழுங்குகிறார்.

கடைசிப் பெட்டி கடந்துபோகிறது. கேட் உயர்கிறது. கால்களை மடக்கியபடியே சிறுமி தூரமாகிறாள். பின்னால் ஒரு ஹாரன், அதன் பின்னால் இன்னொன்று.

அவர் குனிந்து காலைத் தேடுகிறார்.