ஐயாவின் மைன்ஸ் நண்பர்

கார் இருக்கிற சேதி குமரவேலுக்கு வடக்குத்து கிராமத்து டீக்கடையில் கிடைத்தது. நெய்வேலி டவுன்ஷிப்பில் வீட்டுவேலை செய்யும் வீராயி, கடைக்காரரிடம் ஊருக்கே கேட்கும்படி புலம்பிக்கொண்டிருந்தாள்.

"ஐயா செத்துப் பூட்ட பிறகு அந்தம்மா தனியா கெடக்குது. வூட்டு வாசல்ல பழைய பத்மினி காரு ராசாவாட்டம் நிக்குது. இஞ்சின் சத்தத்தக் கேட்டா கேட்டுக்கினே இருக்கலாம். பிரேக்குதான் புடிக்கல, ஆயில் ஒழுவிக்கினே இருக்குது. என்னான்னு பாக்க ஒரு ஆம்பள இல்ல."

குமரவேல் டீயை ஆற விடாமல் குடித்தான். பழைய கார் என்றால் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ள பாண்டிச்சேரியில் அவனுக்கு ஓர் ஆள் இருந்தான்.

மறுநாள் காலை, ஸ்பேனர் பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினான். திரும்பிப் போக பஸ் தேவைப்படாது என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது.

பத்மினி நின்ற வீட்டில் கதவைத் திறந்தவள் தேவயானி. உள்ளே சுவரில் மாலை போட்ட படம். பக்கத்திலேயே, சுரங்கத்தில் மண் வாரும் ராட்சத இயந்திரத்தின் பெரிய ஓவியம். குமரவேல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தான். சொல்ல வேண்டிய பொய் தானாக வந்து நாக்கில் உட்கார்ந்தது.

"ஐயாவும் நானும் மைன்ஸ்ல ஒரே ஷிப்டுங்க. கூடப் பொறந்த அண்ணன் மாதிரி. சாவுக்குக்கூட வர முடியாம பூடுச்சிங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தேவயானி அவன் கையிலிருந்த ஸ்பேனர் பையைப் பார்த்தாள். "மைன்ஸ்லயா? வாப்பா."

வாசலில் நின்ற காரைக் காட்டினாள். "அடுத்த மாசம் குவார்ட்டர்ஸை ஒப்படைக்கணும். அதுக்குள்ள வண்டி ஓடலேன்னா காயலான் கடைதான். இங்க இருக்கிற மெக்கானிக்குங்க எல்லாம், எதுக்கும்மா செலவு, வித்துடுங்கன்னு சொல்றாங்களே தவிர, ஒருத்தரும் கை வைக்க மாட்டேங்கறாங்க."

"நான் எதுக்கும்மா இருக்கேன்? காசு பேச்சே வேணாம்."

சாவியைத் திருகினான். ஒரே திருகலில் இஞ்சின் உறுமியது. கிளட்சை மிதித்துப் பார்த்தான். வெண்ணெய் மாதிரி இறங்கியது.

"கிளட்ச் புதுசா இருக்குதே?"

"ஐயாவோட இன்னொரு மைன்ஸ் பிரெண்டு போன மாசம் வந்து மாத்திக் குடுத்தாருப்பா. பாவம், காபிகூடக் குடிக்காமப் போயிட்டாரு."

குமரவேலுக்கு அந்த நல்ல மனிதர் மேல் மரியாதை வந்தது.

வேலையில் இறங்கினான். பின்சக்கரத்தைக் கழற்றி பிரேக் டிரம்மைத் தட்டி எடுத்தால், உள்ளே வீல் சிலிண்டரின் ரப்பர் நைந்து, ஆயில் கண்ணீராக வடிந்துகொண்டிருந்தது. ஊரான் வண்டியாக இருந்தால் துணியால் துடைத்து மூடியிருப்பான். இது அவனே ஓட்டிக்கொண்டு போகிற வண்டி. வழியில் எத்தனை லாரி! கையோடு கொண்டுவந்த புது ரப்பரைப் போட்டான். எதற்கும் இருக்கட்டும் என்று மறுபக்கச் சக்கரத்துக்கும் போட்டான். தன் கல்யாணத்துக்குக்கூட அவன் இவ்வளவு கவனமாக எதையும் செய்ததில்லை.

"இப்ப பிரேக் குழாய்ல அடைஞ்ச காத்தை வெளிய எடுக்கணும்மா. நீங்க உக்காந்து பிரேக்கை மிதிங்க. கால் எட்டல பாருங்க, சீட்டை முன்னால இழுத்துக்குங்க."

"வேண்டாம்ப்பா. அது அவர் வெச்ச இடம்."

சீட்டின் நுனிக்கு நகர்ந்து, கால் கட்டைவிரலால் எக்கி மிதித்தாள். அவன் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு குரல் கொடுத்தான். "மிதிங்க... மிதிங்க... புடிச்சுக்குங்க!" அவன் சொல்வதற்கு முன்பே அவள் பிடித்திருந்தாள். "ஆயில் கொறைஞ்சா ஊத்துங்கம்மா!" அவளே இறங்கிப் போய், திறந்திருந்த பானட்டுக்குள் குனிந்து ஊற்றிவிட்டு வந்தாள்.

மதியத்துக்குள் பிரேக் கல் மாதிரி நின்றது.

"கை கழுவிக்கோப்பா. காபி கொண்டாரேன்." அவள் உள்ளே போனாள். சாவி காரிலேயே தொங்கியது.

குமரவேல் கை கழுவவில்லை. பானட்டைச் சாத்தினான், பையைப் பின்சீட்டில் எறிந்தான், ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான்.

கிர்ர்... கிர்ர்... கிர்ர்...

காலையில் உறுமிய இஞ்சின் இப்போது கனைத்ததோடு சரி. மறுபடி திருகினான். எதிர் குவார்ட்டர்ஸ் நாய் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தது.

ஜன்னலோரம் தேவயானி டபராவோடு நின்றாள்.

"சும்மா... பிரேக் டெஸ்டுங்க..."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, கறுப்பாக ஒரு சின்னச் சாமானைக் காட்டினாள். இஞ்சினுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் ரோட்டர். அது இல்லாவிட்டால் கார் வெறும் தகரம்.

"ஆயில் ஊத்தும்போது கழட்டினேன். அப்புறம், அவர் இங்க ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டருப்பா. மைன்ஸைப் படமா வரைஞ்சதோட சரி."

குமரவேல் காரிலிருந்து இறங்கினான். "போலீசுக்குச் சொல்லிட்டீங்களா?"

"எதுக்கு? வண்டியை எடுத்துக்கிட்டுப் போக வந்தவன்தான் பிரேக்கை இவ்வளவு ஒழுங்காப் பாப்பான். காபி ஆறுது பாரு."

ஒரே மடக்கில் குடித்தான். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

தேவயானி ரோட்டரை மாட்டினாள். சீட்டின் நுனியில் உட்கார்ந்து தெருமுனை வரை ஓட்டிப் போய் மிதித்தாள். சொன்ன இடத்தில் நின்றது. கணவர் கட்டிய கைக்குட்டை இன்னும் ஸ்டியரிங்கிலேயே இருந்தது. அதில் ஒரு முறை முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குத் திருப்பினாள்.

பாத்திரம் துலக்க வந்த வீராயி வாசலிலேயே கேட்டாள். "இவனாவது காபி குடிச்சானாம்மா?"

"குடிச்சான், பாவம்" என்றாள் தேவயானி. "நாளைக்கு டீக்கடையில பிரேக்கை விட்டுடு வீராயி, ஹெட்லைட்தான் எரியலைன்னு சொல்லு."