கேமராவில் விழுந்த கை

"பாத்தீங்களா? மறுபடியும் பைக்குள்ள எதையோ போட்டா!"

மனைவி செல்போனைக் கணவனின் மூக்குக்கு நேரே நீட்டினாள். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. ஹாலில் ஒளித்துவைத்திருந்த கேமரா வழியாக, செல்போன் திரையில் அவர்கள் வீட்டு ஹால் தெரிந்தது. அங்கே அவர்களுடைய மூன்று வயது வாலுப் பையனும், ஆயா வேலை கேட்டு வந்த பெண்ணும் இருந்தார்கள்.

கணவன் பெரிதாகக் கொட்டாவி விட்டான். "எனக்குச் சரியாத் தெரியல."

"எப்படித் தெரியும்? முதுகைக் காட்டிக்கிட்டுல்ல போடறா! மொதல்ல டீபாய்க்கு அடியில, அப்புறம் டிவி பக்கம், அப்புறம் சோபா இடுக்கு. இப்ப ஷூ ரேக். நாலு தடவை! என் மோதிரத்தை வேற ரெண்டு நாளா காணோம்."

"அவங்க இன்னைக்குத்தானே நம்ம வீட்டுக்கே வந்திருக்காங்க?"

"அதனால என்ன?"

கணவன் இன்னொரு கொட்டாவி விட்டான்.

இந்தச் சோதனை மனைவியின் யோசனை. முதலில் ஹாலில் உட்காரவைத்து அரைமணி நேரம் கேள்வி. போலீஸ் சான்றிதழ் இருக்கிறதா, ரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா, பழைய வேலையிலிருந்து ஏன் நின்றீர்கள் என்று ஒன்றையும் விடவில்லை. ஆறு வருடம் வேலை பார்த்த குழந்தைகள் காப்பகத்தை மூடிவிட்டார்கள், இந்த வேலை கிடைத்தால்தான் மகளைத் தொடர்ந்து படிக்கவைக்க முடியும் என்று அந்தப் பெண் சொன்னாள். மனைவி அதையும் சந்தேகமாகவே குறித்துக்கொண்டாள்.

கேள்விக்குப் பிறகு உத்தரவுகள்.

"இவனுக்கு மாத்திரையைக் கையில குடுத்தா துப்பிடுவான். பால்ல போட்டு, ஸ்பூனால நல்லாக் கலக்கி, ஒண்ணும் தெரியாத மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு நீட்டணும். நான் அப்படித்தான் குடுப்பேன்."

"சரிங்கம்மா."

"அவன் மேலேர்ந்து ஒரு நிமிஷம்கூடக் கண்ணை எடுக்கக் கூடாது."

"சரிங்கம்மா."

பிறகு, "உள்ளே கொஞ்சம் வேலை இருக்கு, இவனோட விளையாடிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டு இருவரும் அறைக்குள் வந்து ஒளிந்துகொண்டார்கள். தன் வீட்டில் தானே ஒளிந்திருப்பது கணவனுக்குக் கூச்சமாக இருந்தது. கையோடு கொண்டுவந்த டீயை, கசக்கிறது என்று முணுமுணுத்தபடியே குடித்து முடித்தான். அது ஆயிற்று முக்கால் மணி நேரம்.

"போதும். எழுந்திருங்க. கையும் களவுமாப் பிடிச்சுடலாம்." மனைவி கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தாள். கணவன் தள்ளாடியபடி பின்னால் வந்தான்.

"உங்க பையைத் திறங்க!"

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப்போனது. "அம்மா, நானே சொல்லணும்னுதான்..."

"திறங்கன்னா திறங்க!"

அவள் தோளிலிருந்து பையை இறக்கி டீபாய் மேல் கவிழ்த்தாள். ஒரு பட்டன் பேட்டரி. நாலு அந்துருண்டை. பாதி நிறைந்த ஜூஸ் பாட்டில். ஒரு மாத்திரை அட்டை.

மோதிரம் இல்லை. மனைவிக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"ரிமோட்டுக்கு மூடி இல்லம்மா. பேட்டரியைக் கழட்டி நாக்குல வெக்கப் போனான். அந்துருண்டையை சோபா இடுக்குல சேத்து வெச்சிருக்கான், மிட்டாயாம். இந்த பாட்டில்ல இருக்கறது ஜூஸ் இல்ல, பெயிண்ட் கரைக்கிற தின்னர். மோந்து பாருங்க. ஷூ ரேக்ல இருந்தது."

கணவன் தலையைச் சொறிந்தான். ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்தது அவன்தான்.

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?" மனைவியின் குரல் இறங்கியிருந்தது.

"உள்ள வேலை இருக்குன்னு கதவைச் சாத்திட்டீங்க. மொத நாளே கதவைத் தட்ட வேண்டாம்னு இருந்துட்டேன். இவன் கைக்கு எட்டாத இடம்னு இந்த வீட்டுல எனக்குக் கிடைச்சது என் தோள் ஒண்ணுதான்."

சொல்லிவிட்டு மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தாள். "இது டீபாய்க்கு அடியில கிடந்தது. ரெண்டு மாத்திரை இல்ல. நீங்க போட்டீங்களாம்மா?"

மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அது என் சளி மாத்திரை! காலையில வாங்கினது, இன்னும் ஒண்ணுகூடப் போடலையே! ஒண்ணு போட்டாலே நான் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடுவேன்..."

பையனை வாரித் தூக்கி வாயைத் திறந்து பார்த்தாள். "கண்ணா, இதைச் சாப்பிட்டியாடா?"

அவன் இல்லையென்று தலையாட்டிச் சிரித்தான்.

"குழந்தை சொல்றதை நம்பிட்டு இருக்க முடியாதும்மா. சார், டாக்டருக்குப் போன் போடுங்க." அந்தப் பெண் முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள். "அம்மா, உங்க போன்ல ஓடுதே, அந்தக் கேமராப் பதிவைத் திருப்பிப் போடுங்க. இவ்வளவு நேரம் என் கையைப் பாத்தீங்க. இப்ப அவன் கையைப் பாருங்க."

"எனக்குக் கையும் காலும் ஓடல" என்றபடி கணவன் சோபாவில் சரிந்தான்.

மனைவி பதிவைப் பின்னுக்குத் தள்ளினாள். திரையில் அவளே உட்கார்ந்திருந்தாள், ஆள்காட்டி விரலை உயர்த்தியபடி. "ஒரு நிமிஷம்கூடக் கண்ணை எடுக்கக் கூடாது" என்று அவள் குரல் கேட்டது.

அந்த விரலுக்கு நேர் கீழே, டீபாயின் மறுபக்கத்தில் பையன் குந்தியிருந்தான். அட்டையைப் பிதுக்கி ஒன்று, இரண்டு என்று மாத்திரைகளை அப்பாவின் டீயில் போட்டான். ஸ்பூனால் நன்றாகக் கலக்கினான். பிறகு, ஒன்றும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, கோப்பையை அப்பா பக்கம் நகர்த்திவிட்டான்.

"ஏங்க!" என்று அலறித் திரும்பினாள் மனைவி.

சோபாவிலிருந்து குறட்டைதான் பதிலாக வந்தது.