இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம்

பதினேழாவது நிமிடத்தில், என் வண்டியை வாங்க வந்த அந்த அம்மா அதை வீட்டுப் பக்கம் திருப்பாமல் மேம்பாலத்துப் பக்கம் திருப்பினார்.

நான் மணியைப் பார்த்துக்கொண்டேன்.

பெட்ரோல் குறைவாக இருக்கிறது, திரும்பிவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் பெட்ரோல் முள்ளைப் பார்த்தார். பாதித் தொட்டி இருந்தது. வண்டியைப் பாலத்தில் ஏற்றினார்.

இருபது நிமிடம் வரை பயமில்லை என்று மெக்கானிக் அண்ணன் அடித்துச் சொல்லியிருந்தார். அதைத் தாண்டினால் என்ஜின் கொதிக்கும். என்ஜினின் மேல்மூடியான ஹெட் போய்விட்டது. மாற்றினால் வண்டி விலையில் பாதி அதற்கே சரியாகிவிடும். அப்புறம் கிளட்ச் இருக்கிறது, முன்பக்க சஸ்பென்ஷன் இருக்கிறது. பதினாலு வருடப் பழைய சின்ன கார், ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கையோடு வரும். விற்றுத் தலைமுழுகச் சொன்னார். அதற்கு வசதியாக வயரில் என்னவோ செய்து, சூடு காட்டும் முள்ளை நடுவிலேயே நிற்கும்படி ஆக்கியும் கொடுத்தார். இனி என்ஜினே எரிந்தாலும் அது அசையாது.

என் மனைவிக்கு இது எட்டாம் மாதம். வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது இந்த வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் என்ற நினைப்பே என்னைப் பாடாய்ப் படுத்தியது. இதை யார் தலையிலாவது கட்டிவிட்டு, நம்பி ஏறக்கூடிய ஒன்றை வாங்கியாக வேண்டும்.

அந்த யாரோதான் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். விளம்பரத்தைப் பார்த்துத் தனியாக வந்திருந்தார். கூட ஒரு மெக்கானிக்கை அழைத்து வரவில்லை, டயரை உதைத்துப் பார்க்கவில்லை, பேரமும் பேசவில்லை. ஓட்டிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார். இப்படி ஒருவர் கிடைக்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

மேம்பாலத்தின் பாதியில் நெரிசல். முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒட்டி நின்ற ஒரு பஸ். நகர வழியில்லை.

இருபத்திரண்டு நிமிடம்.

ரேடியேட்டர் தண்ணீரின் இனிப்பு வாடை லேசாக வந்தது. போன மாதமும் இப்படித்தான் தொடங்கியது. பிறகு பானட்டுக்கு அடியிலிருந்து ஆவி பீறிட்டது. நல்ல வேளையாக அன்று பக்கத்தில் யாருமில்லை.

சொல்லிவிடலாமா? சொன்னால் வியாபாரம் போச்சு. சொல்லாமல் விட்டு இந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? முள் மட்டும் பெரிய யோக்கியனைப் போல நடுவில் நின்றது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. கண்ணாடியில் பின்னால் நின்ற பஸ்ஸையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று ஏசியை அணைத்தார். கண்ணாடிகளை இறக்கினார். பிறகு அந்தக் கொளுத்தும் வெயிலில் ஹீட்டரை முழுசாகத் திருகினார்.

அனல் காற்று முகத்தில் அடித்தது. எனக்கோ உடம்பு சில்லிட்டது. என்ஜின் கொதிக்கப் போகிறது என்று தெரிந்தவர்கள் மட்டுமே செய்கிற வேலை அது. என்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அப்படி உள்ளே இழுத்துவிடலாம். எனக்கே போன மாதம்தான் தெரியும்.

மாட்டிக்கொண்டேன்.

லாரி நகர்ந்தது. பாலத்திலிருந்து இறங்கியதும் ஓரமாக நிறுத்தினார். என்ஜினை அணைக்காமல், குனிந்துகூடப் பார்க்காமல், பானட் திறக்கும் பிடியை இழுத்தார். நான் இன்றைக்கும் தடவித்தான் அதைக் கண்டுபிடிப்பேன்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? முள்ளைக் கட்டியதைச் சொன்னேன், ஹெட்டைச் சொன்னேன், கேட்காமலே கிளட்ச்சையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ரோட்டைப் பார்த்தபடியே பேசினார். நாலு வருடத்துக்கு முன்னால் தரகர் மூலம் இந்த வண்டியை எனக்கு விற்றது அவருடைய வீட்டுக்காரர்தானாம். சூடாவது அப்போதே உண்டாம். அதையெல்லாம் அவர் ஒரு குறையாகவே சொல்லவில்லை. விபத்தில் முன்பக்கம் நசுங்கிய ஒரு வண்டியையும் பின்பக்கம் நசுங்கிய ஒரு வண்டியையும் வாங்கி, நடுவில் அறுத்து, நல்ல பாதிகள் இரண்டையும் பற்றவைத்த வண்டி இது. அடியில் தார் பூசியிருப்பதால் யார் கண்ணுக்கும் தெரியாது. பற்றவைத்த இடம் பின்சீட்டுக்கு நேர் கீழே. பின்னாலிருந்து ஒரு பஸ் இடித்தால் அந்த இடம் பிளந்துகொள்ளும்.

வீட்டுக்காரர் இறந்து ஒரு வருடம் ஆகிறதாம். கடைசி நாட்களில்தான் இதை இந்த அம்மாவிடம் சொன்னாராம். அன்றிலிருந்து எங்கே விபத்து என்று செய்தி வந்தாலும் இவர் வண்டி நம்பரைத்தான் முதலில் தேடுவாராம். விளம்பரப் படத்தில் அந்த நம்பரைப் பார்த்ததும் ஓடி வந்திருக்கிறார். பழைய வண்டிகளை உடைக்கிற இடம் இந்தப் பாலத்துக்கு இந்தப் பக்கம்தான். நான் கேட்ட விலையைக் கொடுத்து, இன்றைக்கே அங்கே போட்டுவிடப் போகிறார். என் வீட்டு வாசலில் கிளம்பியபோதே அங்கேதான் ஓட்டத் தொடங்கியிருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இத்தனை நாளா பின்சீட்டுல யாராச்சும் உக்காந்தாங்களா?"



என் மகளுக்கு ஐந்து வயது. தினமும் பள்ளிக்கு நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். முன்சீட்டு வேண்டும் என்று அடம்பிடிப்பாள். பின்னால்தான் பத்திரம் என்று அதட்டி, நானே தூக்கி உட்கார வைப்பேன்.

"யாரும் இல்லம்மா" என்றேன்.