பாதி ஹெட்போன்

"அண்ணே, நூத்தி இருபது வெள்ளி ஹெட்போன்ல பாட்டு ரெக்கார்ட் பண்ணா, நூத்தி இருபது வெள்ளி பாட்டுதான் வரும்!"

கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னான் ஹரீஷ். வாரத்தில் ஆறு நாள் சிம்பாங் அம்பாட்டில் ஃபேக்டரி வேலை. ஏழாவது நாள் அவன் இசையமைப்பாளர். ஹெட்போன் பற்றி மட்டும் இருநூறு வீடியோ பார்த்திருக்கிறான். அதற்கு மேல் என்ன படிப்பு வேண்டும்?

ஸ்டூடியோ முதலாளி கோகிலன் மலிவு ஹெட்போன் அலமாரிப் பக்கமே நின்றார். கடைக்காரர் ஷஃபீக் எடுத்துப் போட்ட ஹெட்போன் எதையும் அவர் மாட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒயரை மட்டும் தடவித் தடவிப் பார்த்தார்.

"இது நல்ல மாடல்ண்ணே. முந்நூறு வெள்ளிதான். சத்தம் சுத்தமா இருக்கும்."

"இதுல ஒயர் ஒரு பக்கம்தான் வருது. ரெண்டு பக்கமும் தனித்தனியா ஒயர் போற மாதிரி இருக்கா?"

"அது மலிவு ஐட்டம்ண்ணே. நூத்தி இருபது."

"அதுல நாலு குடுங்க."

ஹரீஷ் தலையில் அடித்துக்கொண்டான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலில் ஒலிக்கப் போகும் பாட்டு! போன வாரமே கோரஸ் சொதப்பல். நாலு பெண்களில் வடிவம்மாள் அக்கா மட்டும் ஒவ்வொரு தடவையும் தாமதமாக வந்து சேர்ந்தார். தன் குரல் கேட்க ஒரு காதைத் திறந்து வைத்துப் பாடுவது பாடகர்கள் வழக்கம். மற்ற மூவரும் இடது காதைத் திறந்தார்கள். அக்காவும் அவர்களைப் பார்த்து அப்படியே செய்தார். தாளம்தான் சிக்கவில்லை.

"வயசாயிடுச்சுண்ணே, அக்காவை நிறுத்திருங்க" என்று ஹரீஷ் அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"பாப்போம் லா" என்றார் கோகிலன், கண்ணாடிக்கு அப்பால் ஹெட்போனைக் கழற்றும் அக்காவைப் பார்த்தபடி.

பார்த்த லட்சணம் இதுதான். ஸ்டூடியோவுக்குத் திரும்பியதும் கத்தரிக்கோலை எடுத்தார். நாலு புத்தம்புது ஹெட்போனிலும் வலது காதுக்குப் போகிற ஒயரை நறுக்கினார்.

ஹரீஷ் பதறிப்போனான். "என்னண்ணே பண்றீங்க?"

"இனிமே எல்லாரும் இடது காதுல மட்டுந்தான் மாட்டணும். வலது காது திறந்திருக்கணும். அந்தப் பக்கத்துச் சத்தம் மைக்ல விழக் கூடாதுல்ல? அதான்."

"அது ஏன் இடது?"

"எனக்கு இடது பக்கந்தான் ராசி."

ராசி பார்த்து நடக்கிற ஸ்டூடியோ! வெளங்கிரும் என்று ஹரீஷ் முணுமுணுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது டேக்கிலேயே கோரஸ் முடிந்தது. வடிவம்மாள் அக்கா ஓரிடத்தில்கூடப் பிசகவில்லை.

"நம்ம ட்யூன் அப்படி!" என்று ஹரீஷ் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

பாகான் டாலாம் வீட்டில் இறக்கிவிடுவதாகச் சொல்லி அக்காவைத் தன் காடியில் ஏற்றிக்கொண்டான். அவர் முன்சீட்டில், அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். கடல் பாலம் நெடுக அவன் கோகிலனை வறுத்தெடுத்தான்.

"முழு ஹெட்போன் வாங்க மனசில்ல. பாதி ஹெட்போன்ல பாட வைக்கிறாரு. கேட்டா ராசியாம்! இப்படி ஒரு கஞ்சத்தைப் பாத்திருக்கீங்களாக்கா?"

அக்கா வாயே திறக்கவில்லை. நேரே ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். அவரை நிறுத்தச் சொன்னது தெரிந்துவிட்டதோ? சிக்னலில் நின்றபோது மெல்லத் தோளைத் தொட்டான்.

"கோவமாக்கா?"

அக்கா முழுசாகத் திரும்பி, இடது காதை அவன் பக்கம் கொண்டுவந்தார்.

"என்னமோ பேசிக்கிட்டா வந்தே தம்பி? வலது காது சுத்தமா கேக்காதுப்பா. ஃபேக்டரி மெஷின் சத்தத்துல போனது, பத்து வருஷமாச்சு. போன வாரம் மத்தவங்களைப் பாத்து இடது காதைத் திறந்து வச்சுக்கிட்டு முழிச்சேன். இன்னிக்கு முருகன் புண்ணியம், கோகிலன் தம்பி ராசி பாத்தாரு."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவருகிட்ட மட்டும் சொல்லிடாதப்பா. தெரிஞ்சா என்னைக் கோரஸ்ல சேத்துக்க மாட்டாரு."