அவள் மொழியில் ஒரு ஷாட்

எடிட்டிங் அறையின் திரையில் இயக்குநரின் மனைவி பேசிக்கொண்டிருக்கிறாள். தங்கள் காதலையே படமாக எடுக்கும் அவர், இந்த ஒரு ஷாட்டில் மட்டும் அவளைத் தாய்மொழியில் தோன்றியதைப் பேசவிட்டிருக்கிறார். அவருக்கு அது புரியாது. ஓசையே போதும் என்பார். அந்த மொழி தெரிந்து, சப்டைட்டில் எழுத வந்தவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, கதவருகே நிற்கும் மனைவியைப் பார்க்கிறாள். “என்னம்மா சொல்றா?” என்கிறார் இயக்குநர். மனைவி கைப்பையின் வாரை விரலில் இறுகச் சுற்றுகிறாள். “சொல்லுங்க. எனக்குத்தான் நேர்ல வாய் வரல.” வந்தவள் திரையைப் பார்த்தபடி மொழிபெயர்க்கிறாள்: “ஏழு வருஷமா உன் மொழியிலயே பேசிட்டேன். என் மொழியில ஒரு வார்த்தைகூட நீ கத்துக்கல. படம் முடிஞ்சதும் போயிடுவேன்... அப்படிங்கறாங்க, சார்.”  இயக்குநர் ஷாட்டைப் பின்னோக்கி ஓட்டுகிறார். “இதுல ‘போயிடுவேன்’ எது?” மனைவி அந்தச் சொல்லை மெதுவாகச் சொல்கிறாள். அவர் தப்பாகத் திருப்பிச் சொல்கிறார். அவள் திருத்தவில்லை.